உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்

கோயம்புத்தூரில் ஒரு நேர்காணலுக்குப் போய்வந்த பெண், அங்கே நடந்ததை அடுத்த சனிக்கிழமை வகுப்பில் நடித்தே காட்டினாள். பயோடேட்டாவை வாங்கிப் பார்த்த மேலாளர் நிமிர்ந்து, முகமெல்லாம் சிரிப்பாக, மலையாளத்தில் என்னவோ கேட்டிருக்கிறார். இவள் விழித்தாள். அவர் விடவில்லை. இன்னும் கனிவாக, இன்னும் நிறுத்தி நிதானமாக, அதே மொழியில் மறுபடி கேட்டார். அப்புறம்தான் இவளுக்கு உறைத்தது, சாதி என்ற கட்டத்தில் 'மலையாளி' என்று எழுதியிருந்தோமே என்று.

"சார், நாங்க கேரளா இல்லீங்க. ஏற்காடு. மலையில இருக்கறதால மலையாளின்னு பேரு."

"அப்படியா" என்றவரின் சிரிப்பு பாதியாகிவிட்டது. ஏற்காடு என்ற சொல் மிச்சத்தைக் காப்பாற்றியது. போன மே மாதம் குடும்பத்தோடு வந்தாராம். ரூம் வாடகை அநியாயம். படகுத்துறையில் ஒரு மணி நேரம் வரிசை. லேடீஸ் சீட்டில் பனி மூடி ஒன்றுமே தெரியவில்லை. "உங்களுக்கெல்லாம் என்னம்மா, வருஷம் பூரா ஏசியிலயே இருக்கீங்க." நேர்காணல் அவ்வளவுதான். எழுந்துகொள்ளும்போது, "சரிம்மா, கூப்பிட்டுச் சொல்றோம்" என்றிருக்கிறார்.

வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்தாள். அந்தக் கடைசி வாக்கியத்துக்கு என்ன பொருள் என்று நான் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

சேர்வராயன், கல்வராயன், பச்சைமலை, கொல்லிமலை எனக் கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் பரவிக் கிடக்கும், தமிழ் பேசும் பழங்குடிகள் மலையாளிகள். காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்ட மூன்று அண்ணன் தம்பிகளின் வழியில் வந்தவர்கள் என்று தங்களைப் பற்றி அவர்கள் சொல்லும் கதையை, 1909-இல் வெளியான எட்கர் தர்ஸ்டனின் தொகுப்பிலேயே காணலாம். மூத்தவர் ஏறியது இந்தச் சேர்வராயன் மலை. தமிழகத்தில் பழங்குடியினருக்கென ஒதுக்கப்பட்ட சட்டமன்றத் தொகுதிகள் இரண்டே இரண்டு. ஒன்று சேந்தமங்கலம், மற்றது ஏற்காடு. இத்தனை பழைய பெயர், இத்தனை அரசாங்க முத்திரை, எல்லாம் இருந்தும் கோயம்புத்தூரில் ஒரு மேசைக்கு முன்னால் அதற்கு அடிக்குறிப்பு தேவைப்படுகிறது. உன்னைப் பற்றிச் சொல் என்றால் மற்றவர்களுக்கு ஊரும் படிப்பும் சொன்னால் தீர்ந்தது. இவள் முதலில், தான் யார் இல்லை என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

தனியார் வேலைக்கான பயோடேட்டாவில் சாதிக்கு என்ன இடம் என்று கேட்கலாம். அவள் விரும்பி எழுதவில்லை. ஜெராக்ஸ் கடையில் விற்கிற அச்சடித்த தாளில் அந்தக் கட்டம் இருந்தது. அந்தத் தாளை ஒருமுறை கையில் வாங்கிப் பார்க்க வேண்டும். மேலே வலது மூலையில் போட்டோ ஒட்டச் சின்னப் பெட்டி. பிறகு பெயர், தந்தை பெயர், தந்தை தொழில், மதம், சாதி, திருமணம் ஆனவரா, தெரிந்த மொழிகள், பொழுதுபோக்கு. அடியில், மேற்கண்டவை யாவும் என் அறிவுக்கு எட்டியவரை உண்மை என்ற உறுதிமொழி. கல்யாணத் தரகருக்கும் கம்பெனி மேலாளருக்கும் ஒரே தாள் போதும் என்று எந்தப் புண்ணியவான் முடிவு செய்தாரோ தெரியாது. என்ன வேலை தெரியும் என்று கேட்க அந்தத் தாளில் இடமே இல்லை.

நாகலூர்ப் பக்கம் ஒரு சமுதாயக் கூடத்தில், முதல் வேலை தேடும் பிள்ளைகளுக்கு விண்ணப்பம் எழுதவும் நேர்காணலில் பேசவும் சொல்லிக்கொடுக்கிறேன். பிளஸ் டூ முடித்தவர்கள், ஐடிஐ முடித்தவர்கள், சேலத்துக்கு இறங்கி ஏறியே பட்டம் வாங்கியவர்கள். முதல் வேலையாக அந்த அச்சுத்தாளை ஒதுக்கிவிட்டு வெள்ளைத்தாள் தருவேன். பெரிய புரட்சி செய்த நிறைவு எனக்கு. அவர்களுக்கோ கைத்தடியைப் பிடுங்கிக்கொண்ட மாதிரி. கட்டம் இருந்தால் நிரப்பலாம், வெள்ளைத்தாளை என்ன செய்வது?

"உன்கிட்ட இருக்கற நல்லதை எழுது" என்பேன். பேனா நகராது. சொந்தப் பெருமையைத் தானே பேசுவது இந்த மலையில் மட்டுமில்லை, தமிழ் பேசும் எந்த ஊரிலும் கெட்ட பழக்கம்தான். வீட்டிலும் பள்ளியிலும் பதினேழு வருஷம் அடக்கம் கற்றுக்கொடுத்துவிட்டு, பதினெட்டாவது வயதில், "உங்கள் பலங்கள் மூன்றைச் சொல்லுங்கள்" என்று கேட்டால் பிள்ளை எங்கே போவான்?

இதற்கு எனக்கு உதவியது எந்த மேலாண்மை நூலுமல்ல, 13-ஆம் நூற்றாண்டுப் பவணந்தி. எவ்வளவு பெரிய நூலைச் செய்தவனானாலும் தன்னைத் தானே புகழ்வது தகாது என்று நன்னூல் பாயிரத்தில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, அடுத்த மூச்சிலேயே அவர் நான்கு விலக்குகள் தருகிறார். அரசனின் அவைக்கு ஓலை அனுப்பும்போது, தன் திறமையை அறியாதவர்கள் நடுவில், சபையில் வாதாடி வெல்ல வேண்டிய நேரத்தில், எதிராளி தன்னைப் பழித்துப் பேசும்போது. இந்த நான்கு இடங்களில் புலவன் தன்னைப் புகழ்ந்துகொள்ளலாம். எண்ணூறு ஆண்டுக்குமுன் வேலை தேடிய புலவர்களுக்கான சலுகை அது. முதலாவது விண்ணப்பம், இரண்டாவது நேர்காணல் என்று நான் பிள்ளைகளிடம் சொல்வதுண்டு. இலக்கணமே அனுமதித்துவிட்டது, எழுது! கொஞ்சம் சிரிப்பார்கள். பேனா கொஞ்சம் நகரும்.

அப்படியும் 'அனுபவம்' என்ற இடத்தில் வந்து நிற்கும். கோயம்புத்தூர் போய்வந்த அதே பெண் 'இல்லை' என்று எழுதியிருந்தாள்.

"பிளஸ் டூ லீவுல என்ன பண்ணின?"

"சும்மாதான் சார் இருந்தேன்."

"சும்மான்னா?"

"எஸ்டேட்டுக்குப் போனேன். களத்துல காபி காய வெப்போம். மெளகு பிரிப்போம்."

"காபி காஞ்சிடுச்சுன்னு எப்படித் தெரியும்?"

அந்தக் கேள்விக்கு அவள் வாயால் பதில் சொல்லவில்லை. இல்லாத காபியை ஒரு கை அள்ளி, காதருகே கொண்டுபோய்க் குலுக்கிக் காட்டினாள். நன்றாகக் காய்ந்த பழத்துக்குள் கொட்டை தனியாகக் கழன்று சத்தம் போடும். சத்தம் வராவிட்டால் இன்னும் வெயில் வேண்டும். பாதி காய்ந்ததை மூட்டை கட்டினால் பூஞ்சணம் பிடிக்கும், மூட்டையோடு போச்சு. மழைமேகம் எந்தப் பக்கம் கூடினால் களத்தை வாரி மூட வேண்டும் என்பதும் அவளுக்குத் தெரியும். கம்பெனிக்காரர்கள் பெரிய பெரிய பெயர் சூட்டித் தேடுகிற தரக்கட்டுப்பாடு, கவனம், பொறுப்பு எல்லாம் அந்த ஒரு குலுக்கலில் இருந்தன.

அதை நான் வேலைவாய்ப்பு மொழியில் எழுதிக் கொடுத்தேன்: தோட்ட விளைபொருள்களைத் தரம் பிரிப்பதிலும் ஈரப்பதம் அறிவதிலும் பருவகால அனுபவம். அவள் இரண்டு முறை படித்தாள். "இது நான்தானா சார்?" என்றாள். அவளைப் பற்றி நான் எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அவளும் அதில் இல்லை.

அந்த அச்சுத்தாளில் தந்தை தொழில் என்ற இடத்தில் எல்லாரும் ஒரே சொல்லை எழுதுவார்கள்: கூலி. தமிழில் அது வேலைக்கான ஊதியம், அவ்வளவுதான். இந்தச் சொல்தான் கப்பலேறி உலகமெல்லாம் சுற்றி, மனிதனைக் குறிக்கும் வசைச்சொல்லாகி, ஆங்கிலமாகத் திரும்பியது என்று சொல்வார்கள். மனப்பாடம் செய்த ஆங்கிலத்தில் "மை ஃபாதர் இஸ் எ கூலி" என்று ஒரு பையன் நிமிர்ந்து நின்று சொல்லும்போது, கேட்பவர் காதில் எந்தக் கூலி விழுகிறது? அவன் அப்பா சில்வர் ஓக் மரத்தில் படர்ந்த மிளகுக் கொடிக்கு மூங்கில் ஏணி சாய்த்து ஏறுகிறவர். மரத்தின் உச்சி வரை ஏறிப் பறித்துவிட்டுச் சேதாரமில்லாமல் இறங்குவது எல்லாராலும் ஆகிற காரியமல்ல. அதற்கு நம் தாளில் வார்த்தை கிடையாது.

இந்த மலைக்குக் காபி வந்தது 1820-களில், சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் காலத்தில். அதிலிருந்து இரண்டு நூற்றாண்டு இங்கே வேலைக்கு ஆள் எடுத்தவர் மேஸ்திரி. விண்ணப்பம் இல்லை, நேர்காணல் இல்லை. விடிகாலையில் போய் நின்றால் ஆளைப் பார்ப்பார், கையைப் பார்ப்பார், பேரை எழுதிக்கொள்வார். இதைச் சொல்லி ஏங்க நான் தயாரில்லை. முன்பணம் கொடுத்துக் கடனில் ஆளைக் கட்டிப்போடும் ஏற்பாடும் அதே மேஸ்திரி, கங்காணி முறையோடு ஒட்டியே வந்தது. தோட்டத் தொழிலாளர்களுக்கு வீடு, மருத்துவம், குழந்தைகளுக்குப் பள்ளி என்று எழுத்தில் உறுதி கிடைக்க 1951-இன் தோட்டத் தொழிலாளர் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒன்று மட்டும் சொல்லலாம். உங்கள் பலவீனம் என்ன என்று மேஸ்திரி யாரையும் கேட்டதில்லை.

வேடிக்கை என்னவென்றால், அமெரிக்காவில் இதையே இப்போது புதுமையாகப் பேசுகிறார்கள். நியூயார்க் பக்கத்தில் யாங்கர்ஸ் என்ற ஊரில், 1982-இல் தொடங்கிய கிரேஸ்டன் பேக்கரியில், வேலை வேண்டுமென்றால் பட்டியலில் பெயர் எழுதிவைத்தால் போதும். பயோடேட்டா இல்லை, நேர்காணல் இல்லை, ஜெயிலுக்குப் போனவரா என்ற விசாரணை இல்லை. இடம் காலியானதும் வரிசையில் அடுத்து நிற்பவருக்கு வேலை. வேலை தெரியுமா என்பதை வேலையிலேயே பார்த்துக்கொள்கிறார்கள். அதற்குத் திறந்த ஆளெடுப்பு என்று பெயர் வைத்து, மற்றவர்களுக்கும் பயிற்சி கொடுக்கிறார்கள்.

நேர்காணலை நம்பாத இன்னொருவரும் உண்டு. அது இந்திய அரசு. 2015 சுதந்திர தின உரையில் பிரதமர், சின்ன வேலைகளுக்கு நேர்காணல் எதற்கு என்று கேட்டார். சில நிமிடம் பார்த்து ஒருவரை எடைபோட முடியுமா, அதில் சிபாரிசும் லஞ்சமும்தானே நுழைகின்றன என்பது வாதம். 2016 ஜனவரி 1 முதல் மத்திய அரசின் கீழ்நிலைப் பணிகளுக்கு நேர்காணல் ரத்தானது. நம் டிஎன்பிஎஸ்சி குரூப் 4-இலும் எழுத்துத் தேர்வோடு சரி. ஆகவே நிலைமை இது: நேர்காணல் நம்பத் தகுந்ததல்ல என்று அரசு தன் வேலைக்கு முடிவு செய்துவிட்டது, தனியார் வேலைக்கு அந்த நேர்காணலில் எப்படி ஜெயிப்பது என்று அதே அரசு திறன் வகுப்பு நடத்துகிறது. இரண்டுமே நியாயம்தான். வேலைவாய்ப்பு அலுவலகங்களில் பதிந்துவிட்டு இந்த மாநிலத்தில் காத்திருப்போர் பல லட்சம். அத்தனை பேருக்கும் அரசு நாற்காலி கிடையாது. 2022 மார்ச்சில் மாநில அரசின் 'நான் முதல்வன்' திறன் பயிற்சித் திட்டம் தொடங்கியபோது இங்கே பிள்ளைகள் ஆர்வமாகத்தான் கேட்டார்கள். அதில் சொல்லிக்கொடுப்பது தேவையான பாடம்தான். நானும் அதைத்தான் செய்கிறேன். என் சங்கடம் வேறு. மேசைக்கு இந்தப் பக்கம் உட்காருகிறவனுக்கு ஆயிரம் வகுப்பு இருக்கிறது. அந்தப் பக்கம் உட்காருகிறவருக்கு ஒன்றுகூடக் கிடையாது.

அந்தப் பக்கம் உட்காருகிறவர்கள் என்ன பார்க்கிறார்கள் என்று சிலர் போய்க் கேட்டிருக்கிறார்கள். சுரீந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் டெல்லியில் பெரிய நிறுவனங்களின் ஆளெடுப்பு அதிகாரிகளைச் சந்தித்து எழுதிய கட்டுரை 2007-இல் எக்கனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லியில் வந்தது. எங்களுக்குத் தகுதிதான் முக்கியம், சாதியெல்லாம் பார்ப்பதில்லை என்று சொன்ன அதிகாரிகளே, விண்ணப்பித்தவரின் குடும்பப் பின்னணியைக் கட்டாயம் கேட்போம் என்றும் சொல்லியிருக்கிறார்கள். அப்பா என்ன செய்கிறார், அண்ணன் தம்பி என்ன படித்தார்கள், எந்த ஊர் வளர்ப்பு. இரண்டுக்கும் நடுவே முரண் இருப்பதாக அவர்களுக்குத் தோன்றவில்லை. அதே ஆண்டு அதே இதழில் சுகதேவ் தோரட்டும் பால் ஆட்டவெல்லும் இன்னொரு காரியம் செய்து காட்டினார்கள். ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களில் பெயரை மட்டும் மாற்றி, செய்தித்தாள் விளம்பரங்களுக்கு அனுப்பினார்கள். மேல்சாதி இந்துப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்போடு ஒப்பிட்டால், தலித் பெயருக்கு மூன்றில் இரண்டு பங்கு, முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு. பெயரைத் தவிர வேறெதுவும் மாறவில்லை. இதற்கு எந்த வகுப்பில் பயிற்சி கொடுப்பது? பெயரை நிமிர்ந்து உட்காரச் சொல்லவா?

ஆங்கிலத்தைப் பற்றி ஒன்று. ஏற்காட்டில் ஆங்கிலத்துக்குப் பஞ்சமில்லை. மான்ட்ஃபோர்ட் பள்ளி 1917-இல் தொடங்கியது. அதற்கு முன்பே கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளி இருந்தது. நாடெங்கிலுமிருந்து பிள்ளைகள் இங்கே வந்து தங்கி, கேட்கிறவர் அசரும் ஆங்கிலத்தோடு இறங்கிப் போயிருக்கிறார்கள். மலையின் சொந்தப் பிள்ளைகள் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் படித்துவிட்டு, பதினெட்டு வயதில் என்னிடம் வந்து, "சார், தன்னம்பிக்கைக்கு இங்கிலீஷ்ல என்ன?" என்று கேட்கிறார்கள். நூறு வருஷமாக ஒரே பனி இரண்டு பேர் மேலும் விழுந்திருக்கிறது. அதற்கு மேல் இதில் சொல்ல எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

பயிற்சிக் கையேடுகளில் நேர்காணலுக்குப் பத்து நிமிடம் முன்பே போய்விட வேண்டும் என்று இருக்கும். மாரமங்கலம் பக்கத்துக் குக்கிராமத்திலிருந்து காலை 9.30-க்குக் கோயம்புத்தூர் போய் நிற்பது எப்படி என்று எந்தக் கையேட்டிலும் இல்லை. முதல் நாளே கிளம்ப வேண்டும். இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கிச் சேலம், அங்கே சொந்தக்காரர் வீட்டில் இரவு, இல்லையென்றால் பஸ் நிலையம். இஸ்திரி போட்ட சட்டையைப் பையில் மடிக்காமல் கையிலேயே தொங்கவிட்டு இறங்கிய பையனைப் பார்த்திருக்கிறேன். ஷூ அவனுடையதல்ல. எங்கள் வகுப்பில் ஒரு ஜோடி கறுப்பு ஷூ நாலு பேர் காலுக்குப் போய்வந்திருக்கிறது, எட்டாம் நம்பர்க் காலுள்ளவன்தான் அதிர்ஷ்டசாலி. ஒருநாள் கூலி போய், பஸ் காசு போய், சாப்பாட்டுக் காசு போய், "கூப்பிட்டுச் சொல்றோம்".

சொன்னபடி கூப்பிட்டாலும் ஆபத்துதான். டவர் எல்லா வளைவிலும் கிடைக்காது. வீட்டு வாசலில் கிடைக்கும், அடுப்படியில் கிடைக்காது. பயோடேட்டாவில் உள்ள நம்பர் பல நேரம் அண்ணனுடையது. அண்ணன் திருப்பூரில் ஷிப்டில் இருப்பான். இரண்டு தடவை அடித்துப் பார்த்துவிட்டு, ஆர்வமில்லாத பிள்ளை என்று மூன்றாவது ஆளுக்குப் போய்விடுவார்கள். அதனால் நேர்காணல் முடிந்த மூன்றாம் நாள் நீயே மேட்டில் ஏறி நின்று கூப்பிட்டுக் கேள் என்று சொல்லிவைத்திருக்கிறேன். கெஞ்சுகிற மாதிரி இருக்காதா என்று முதலில் தயங்கினார்கள். அப்படிக் கூப்பிட்ட இரண்டு பேருக்கு வேலை கிடைத்தது. இத்தனை வாரத்தில் நான் சொல்லிக்கொடுத்ததில் உருப்படியானது இது ஒன்றுதான் என்று சில நாள் தோன்றும்.

இன்னொன்றும் செய்கிறேன். பதில் சொல்லப் பழக்கியது போதும் என்று, கேள்வி கேட்கப் பழக்குகிறேன். சம்பளம் பத்தாயிரம் என்றால் கைக்கு எவ்வளவு வரும், பி.எஃப். பிடிக்கிறீர்களா, ஆர்டர் கம்பெனி பேரில் வருமா ஏஜென்சி பேரில் வருமா, ஹாஸ்டலுக்கும் சாப்பாட்டுக்கும் பிடித்தம் எவ்வளவு, மாதத்தில் எத்தனை நாள் நைட் ஷிப்ட். அசல் சான்றிதழைக் காட்டு, கொடுத்துவிட்டு வராதே. வேலைக்கு முன்பணம் கட்டச் சொன்னால் அது வேலையல்ல, எழுந்து வந்துவிடு. தாத்தா காலத்தில் மேஸ்திரி முன்பணம் கொடுத்தாவது ஆள் எடுத்தார். இப்போது அதுவும் தலைகீழாகிவிட்டது.

போன மாதக் கடைசிச் சனிக்கிழமை, மாதிரி நேர்காணலை மாற்றிப் போட்டுப் பார்த்தோம். மூன்று பேர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தார்கள். நடுவில் கோயம்புத்தூர்ப் பெண். நான் எதிரே, வேலை தேடி வந்தவன். என் பயோடேட்டாவை வாங்கிக்கொண்டவள் படிக்காமலேயே கவிழ்த்து வைத்தாள். எங்கே கற்றுக்கொண்டாள் என்று புரிந்தது.

"உங்களைப் பத்திச் சொல்லுங்க."

சொன்னேன். படிப்பு, எழுத்து, இத்தனை வருஷ அனுபவம். கோர்வையாகத்தான் சொன்னேன். பாதியில் மறித்தாள்.

"எந்த ஊருங்க?"

ஊரைச் சொன்னேன்.

"ஓ, கீழ ஊரா. அங்க வெயில் ஜாஸ்தியாமே. எப்படித்தான் இருக்கீங்களோ." பக்கத்திலிருந்த பையன் வாயைப் பொத்திக்கொண்டான். "மெளகு பறிக்க ஏணி ஏறுவீங்களா?"

"ஏறினதில்லை."

"காபி பழம் பிரிப்பீங்களா?"

"பழக்கமில்லை. கத்துக்குவேன்."

"அட்டை கடிச்சா என்ன பண்ணுவீங்க?"

பிடுங்கி எறிவேன் என்றேன். மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தப்பான பதில் என்று தெரிந்தது, சரியானது எது என்று யாரும் சொல்லவில்லை. அவள் என் தாளில் எதையோ எழுதினாள். எட்டிப் பார்த்தேன். அனுபவம் என்ற இடத்துக்கு நேராக 'இல்லை' என்று எழுதி, அடியில் கோடும் போட்டிருந்தாள். பிறகு நிமிர்ந்து, மேலாளரின் அதே பாதிச் சிரிப்போடு என்னைப் பார்த்தாள்.

"சரிங்க சார், கூப்பிட்டுச் சொல்றோம்."